பெரிய காபரேற்றரும் சிறிய றப்பரும்

நாற்பது மைல் வேகத்தில் செவ்வனே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரம், முன்னறிவித்தல் எதுவுமின்றிப் பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிட்டால் என்ன நிகழும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பின்னர் யந்திரத்தைக் கழற்றிப் பார்ப்பவர், பிஸ்டன் சிலிண்டரின் சுவரோடு உராய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்பார். எண்ணெய் போதவில்லை என்பார் ஒருவர். பிஸ்டன் மட்டமானது என்பார் இன்னொருவர். பல வேளைகளில் குற்றவாளி வேறொன்று. காபரேற்றரைச் சிலிண்டரோடு இணைக்கும் றப்பர் குழாயிலோ, அதன் அடியில் கிடக்கும் கடதாசிக் கஸ்கற்றிலோ மயிரிழை அளவான ஒரு வெடிப்பு இருந்திருக்கும். அந்த வெடிப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பழைய ஸ்கூட்டர்களைத் தேடிப் புதுக்கி, அவற்றின் விசையையும் கூட்டி ஓட்டுவதில் இன்று பலருக்கு நாட்டம் உண்டு. அவர்கள் பெரிதும் விரும்பும் வண்டிகளுள் ஒன்று இத்தாலிய லம்பிரெற்றா. மிலான் நகரின் லம்பிராத்தே பகுதியில் இன்னொசென்றி நிறுவனம் 1947ஆம் ஆண்டில் இதனைச் செய்யத் தொடங்கியது. இத்தாலியில் உற்பத்தி நின்றபின் அதன் யந்திரசாதனங்கள் இந்தியாவுக்குச் சென்றன. 1972இல் அமைக்கப்பட்ட இலக்னோ தொழிற்சாலை 1997 வரை ஸ்கூட்டர்களைச் செய்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய வண்டிக்கு இன்றும் உதிரிப்பாகங்கள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தாலியிலும் இங்கிலாந்திலும் விசை கூட்டுவதற்கென்றே புதிய பாகங்களைச் செய்வோரும் உளர்.

லம்பிரெற்றாவின் 150 சீ.சீ. யந்திரங்கள் பலவற்றில் தொழிற்சாலையார் பொருத்திய காபரேற்றரின் துவாரம் 18 மில்லிமீற்றர் அளவினது. விசை கூட்டுவோர் 28 அல்லது 30 மில்லிமீற்றர் காபரேற்றரை நாடுகின்றனர். எண்ணளவில் இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் துவாரத்தின் பரப்பைக் கணக்கிட்டால் 30 மில்லிமீற்றர் துவாரம் 18 மில்லிமீற்றர் துவாரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. காபரேற்றரின் பாரமும் கூடுகிறது. எனவே பழைய இணைப்பு புதிய காபரேற்றருக்குப் பொருந்தாது.

சிலிண்டரின் உள்வாயில் இரண்டு திருகாணிகளால் இறுக்கப்படும் வளைந்த உலோகக் குழாயை மனிபோல்ட் என்பர். பழைய சிறு காபரேற்றர் அதன் நுனியில் ஒரு பிடிவளையத்தால் நேரே பற்றிக்கொண்டிருந்தது. பெரிய காபரேற்றரை அவ்வாறு விறைப்பாகப் பொருத்தினால், யந்திரத்தின் அதிர்வு முழுவதும் அதனுள் பாய்ந்து, மிதவைக் கிண்ணத்திலுள்ள பெற்றோலை நுரைக்கச் செய்துவிடும். நுரையை அளந்து கொடுக்க எந்தக் காபரேற்றராலும் இயலாது. அதனாலேயே மனிபோல்டுக்கும் காபரேற்றருக்கும் இடையில் தடித்த றப்பர் குழாய் ஒன்றை வைக்கின்றனர். சிலிண்டரின் சூடு காபரேற்றருக்கு ஏறுவதையும் அது ஓரளவு தடுக்கிறது.

இனி, வெடிப்பு எவ்வாறு யந்திரத்தைக் கொல்கிறது என்று பார்ப்போம். நிறைப்படி ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்பது எரிதலின் கணக்கு. காபரேற்றர் இதனை அளந்து அனுப்புகிறது. அதைக் கடந்தபின் வெடிப்பின் வழியே உள்ளே நுழையும் காற்றோ அளக்கப்படாத காற்று. கலவை மெலிகிறது, சூடு ஏறுகிறது. இவ்வகை யந்திரத்தில் எண்ணெயும் பெற்றோலுடன் கலந்தே செல்வதால், பெற்றோல் குறையும்போது மசகும் குறைகிறது. அலுமினியப் பிஸ்டனோ வார்ப்பிரும்புச் சிலிண்டரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்புடையது. பிறகு நிகழ்வதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. பிஸ்டன் இறுகுவதற்குச் சற்று முன்னர் வண்டி வழமையிலும் துடிப்பாக ஓடும். ஓட்டுபவர் மகிழ்ந்து இன்னும் முறுக்குவார்.

ஆகவே பாகங்களை வாங்கப் புறப்படுமுன் அளவெடுப்பது முதல் வேலை. சிலிண்டரின் உள்வாய்மீது ஒரு கடதாசியை வைத்து, எண்ணெய் தோய்ந்த விரலால் அழுத்தித் தேய்த்தால், துவாரத்தின் வடிவமும் திருகாணிகளின் இடைவெளியும் அதில் பதியும். அந்தக் கடதாசியை மனிபோல்டின்மேல் வைத்துப் பார்த்து வாங்கலாம். மனிபோல்டு நுனியின் வெளிவிட்டம், காபரேற்றர் கழுத்தின் வெளிவிட்டம், றப்பரின் இரு முனைகளினதும் உள்விட்டம் ஆகியவற்றை வேர்ணியர் கருவியால் அளத்தல் வேண்டும். துவாரம் 30 மில்லிமீற்றர் என்பதால் கழுத்தும் அவ்வளவே என்று கொள்ளலாகாது. றப்பர் இரண்டு மில்லிமீற்றர் பெரிதாக இருந்தால், கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் றப்பரில் ஒரு மடிப்பு விழும்; காற்று அந்த மடிப்பின் வழியே புகும்.

பழைய றப்பரை மலிவு கருதி வாங்குவது வீண். விரலால் வளைத்துப் பார்த்து, உட்புறத்தில் நுண்ணிய கோடுகள் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுவோரும் உளர். அது பெற்றோல் பட்டால் ஊதி இளகிவிடும். தண்ணீருக்கென்று செய்த சிலிக்கோன் குழாயும் பெற்றோலுக்கு ஆகாது. இங்கிலாந்தில் 2021 முதல் சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுவதால், பழைய றப்பர்களுக்கு அங்கே ஆயுள் மேலும் குறைந்துள்ளது.

மனிபோல்டின் முகம் தட்டையாக இருத்தல் அவசியம். தடித்த கண்ணாடியின்மேல் நுண்ணிய எமரித் தாளை விரித்து, முகத்தை அதன்மேல் எட்டு வடிவில் தேய்த்தால் மேடுபள்ளம் புலனாகும். தேய்க்கத் தேய்க்கச் சமனாகவும் ஆகும். கஸ்கற்றின் துவாரம் உள்வாயை மறைத்து நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பலம் காட்டி முறுக்கினால் இரு காதுகளும் வளைந்து நடுவில் இடைவெளி தோன்றும். எத்தனையோ நல்ல மனிபோல்டுகள் இவ்வாறுதான் கெட்டுப்போயின.

இன்னொன்றையும் மறத்தலாகாது. லம்பிரெற்றாவின் யந்திரம் பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசைவது. காபரேற்றரும் அதனுடன் அசையும். ஆனால் காற்றுப் பெட்டியோ சட்டத்தோடு பிணைந்தது. ஆகவே பொருத்தியபின் இருவர் ஆசனத்தில் அமர்ந்து அழுத்த, ஒருவர் குனிந்து பார்த்து, காபரேற்றர் எங்கேனும் இடிக்கிறதா, கேபிள் இழுபடுகிறதா என்று உறுதிசெய்தல் வேண்டும்.

கசிவைச் சோதிக்கக் காபரேற்றரின் வாயையும் புகைவாயையும் அடைத்து, சதுர அங்குலத்துக்கு ஐந்து அல்லது ஆறு இறாத்தல் அளவில் கைப்பம்பினால் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சவர்க்கார நீரைப் பூசுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிறெஸரை இதற்குப் பயன்படுத்தினால், யந்திரத்தின் எண்ணெய்த் தடைகள் பிதுங்கி வெளியேறும். முதல் ஐம்பது மைல் ஓடி, யந்திரம் ஆறிய பின்னர், றப்பர் கிளிப்புகளையும் மனிபோல்டு நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கஸ்கற் படிந்து, அவை சற்றுத் தளர்ந்திருக்கக் காண்பீர்கள்.