வீட்டு உலையும் விருந்தினரும்

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் தொடங்கினால், அயலிலுள்ள இலஞ்சியில் உறவினர் வருகை மிகும். விருந்துக்கென்று பயிர்க்கடனில் கை வைப்பது சங்க அங்கத்தினர்க்கு அழகன்று. வீட்டு உலையே போதும். 1954-ல் காலமான ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் குற்றாலத்து இல்லத்தில் ராஜாஜி, கல்கி முதலியோர் விருந்துண்டனர். அங்கே உணவோடு கம்பன் செய்யுளும் பரிமாறப்பட்டது. கடைப் பண்டத்தால் இது கைகூடுமா?

உலைக்குப் புழுங்கலரிசியே உத்தமம். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 ஜீவசத்து அரிசியினுள் ஊறுகிறது. மிகத் தீட்டிய பச்சரிசியிலோ அது தவிட்டோடு போய்விடுகிறது. அச்சத்துக் குறைந்தால் பெரிபெரி நோய் உண்டாகும். வடித்த கஞ்சியிலும் அச்சத்து இறங்குவதால், அதைக் கொட்டாது உப்பும் மோரும் கலந்து, வந்தவர்க்கு முதலில் கொடுக்கலாம். ஓர் உழக்கு அரிசி கூடுதலாக இட்டிருப்பின், சொல்லாமல் வரும் இருவர்க்கும் இலை போடலாம்.