மோதியவர் யார், பொறுப்பாளி யார்?

யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ 9 நெடுஞ்சாலையில் செல்லும் சாரதிகள் முறிகண்டியில் வண்டியை நிறுத்தாமற் போவது அரிது. பிள்ளையார் முன்றலில் தேங்காய் உடைத்து, வழித்துணையை வேண்டி, கச்சானும் வாங்கிக்கொண்டே பயணத்தைத் தொடர்வர். விபத்து நேராதிருக்க இறைவனை வேண்டலாம். நேர்ந்துவிட்ட பின்னர் எழும் வினாவுக்கோ மனிதரே விடை காணவேண்டும். உண்டான நட்டத்துக்குப் பொறுப்பாளி யார்?

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வினா சிறியதன்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய குடும்பங்கள் பல, லீசிங் தவணைக்கு வாங்கிய ஒரே வண்டியை நம்பி வாழ்கின்றன. வண்டி ஒரு மாதம் பட்டறையிற் கிடந்தால் வருவாய் நின்றுவிடும், தவணை நிற்பதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியிலே, பொழுது சாயும் வேளையில் ஒரு கார் போகிறது. காட்டோரத்திலிருந்து கட்டாக்காலி மாடுகள் வீதியில் ஏறுகின்றன. காரோட்டி பிறேக்கை அழுத்துகிறார். பின்னே வந்த லொறி காரின் பின்புறத்தை நொறுக்கிவிடுகிறது. லொறிச் சாரதி இறங்கிவந்து, “அண்ணை, நீங்கள் சடுதியாய் நிப்பாட்டினபடியால்தானே இடிபட்டது?” என்கிறார். “இடைவெளி விட்டு வந்திருந்தால் இது நடக்குமா, தம்பி?” என்று காரோட்டி கேட்கிறார். கூட்டம் கூடுகிறது. ஆளுக்குப் பாதியாகச் செலவை ஏற்று, அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டுவிடுமாறு ஒரு பெரியவர் சொல்கிறார். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனை நீதியானதா?

இதற்கு விடை கூறும் சட்டம் பழமையானது. வடமாகாணத் தமிழர் பலருக்குக் காணி, சீதனம், முதுசம் ஆகியவற்றில் தேசவழமை பொருந்தும். வீதி விபத்தால் வரும் நட்டத்துக்கோ நாடு முழுவதற்கும் பொதுவான உரோமன் ஒல்லாந்துச் சட்டமே அடிப்படை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி 1796 வரை கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் அதனை இங்கே கொணர்ந்தனர். ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனை நிலைக்கவிட்டனர். அதன் வேர், கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்குயிலியச் சட்டத்தில் இருக்கிறது.

அக்காலத்து உரோமாபுரியிலும் வண்டிகள் மோதின. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பேனசு என்னும் சட்ட அறிஞரிடம் வந்த வழக்கொன்று, கி.பி. 533இல் யுசுத்தினியப் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிற் காணப்படுகிறது. கப்பிற்றோல் குன்றின் ஏற்றத்திலே கோவேறு கழுதைகள் பூட்டிய இரண்டு பாரவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. முன்வண்டி பின்னோக்கிச் சரிந்தது. அதனைத் தாங்கி நின்ற வண்டிக்காரர் விலகினர். அது பின்வண்டியை இடிக்க, பின்வண்டி உருண்டு ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கியது. யார்மீது வழக்கிடுவது என்பதே வினா.

காரணத்தை அறியாமல் விடை கூற இயலாது என்றார் அல்பேனசு. வண்டிக்காரர் தாமாகவே கைவிட்டிருந்தால் அவர்களே பொறுப்பு. கழுதைகள் எதையோ கண்டு மிரண்டதால், நசுங்கிப் போவோம் என்று அஞ்சி அவர்கள் விலகியிருந்தால், கழுதைகளின் உடைமையாளர் பொறுப்பு. எவரிடத்தும் தவறின்றிக் கழுதைகள் பாரந்தாங்காமற் சறுக்கியிருந்தால் எவரும் பொறுப்பல்லர். ஆனால் எப்படி நடந்திருப்பினும் பின்வண்டியின் உடைமையாளர்மீது வழக்கில்லை. அந்த வண்டி தானாக அன்றி, இடிபட்டே உருண்டது.

இன்றும் நீதிமன்றம் கேட்பது அதையேதான். எது எதை இடித்தது என்பதோடு விசாரணை முடிவதில்லை. நிதானமுள்ள ஒரு சாரதி அந்த நிலையிற் காட்டியிருக்கவேண்டிய கவனத்தைக் காட்டத் தவறியவர் எவர் என்பதும், நட்டம் அத்தவறினால் விளைந்ததா என்பதும் ஆராயப்படும். வழக்கிடுபவரே இவற்றை மெய்ப்பிக்கவேண்டும்.

பின்னால் மோதியவரே எப்பொழுதும் குற்றவாளி என்னும் நம்பிக்கை மக்களிடம் உண்டு. அது பெரும்பாலும் சரியாக அமையும், எப்பொழுதும் அன்று. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 17 மீற்றர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிறேக்கிற்கு வருமுன்னரே அத்தூரம் கழிந்துவிடும். ஆகவே மாடுகள் திரியும் வீதியிற் போதிய இடைவெளி விடாமல் வந்த லொறிச் சாரதி தம் கவனயீனத்தை மறுப்பது கடினம். மாறாக, வெளிச்சமோ ஒளிதெறிப்பானோ இன்றி இருளில் வீதியோரம் நிறுத்தப்பட்ட உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு கார் மோதினால், பின்னால் வந்தது காரே எனினும், பொறுப்பு பெட்டியை அங்கே விட்டவரையும் சாரலாம்.

இருபுறமும் தவறிருந்தால் யாது செய்வது? தம் கவனயீனமும் விபத்துக்குக் காரணமாயின் வழக்காளி முழு நட்டஈட்டையும் இழக்கும் கடுமை முன்னர் இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தணித்தது. தவறின் அளவுக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். 2,00,000 ரூபா நட்டமடைந்தவரிடம் காற்பங்கு தவறிருப்பதாக நீதிமன்றம் கண்டால், அவர் 1,50,000 ரூபா பெறலாம். இதனாலேதான் ‘ஆளுக்குப் பாதி’ என்னும் வீதியோரத் தீர்ப்பு ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று. பாதித் தவறு இல்லாதவர் பாதிச் செலவை ஏன் சுமக்கவேண்டும்?

தவறு எவருடையது என்பதைக் காட்டும் சான்றுகள் விரைவில் அழிவன. ரயர் தேய்ந்த தடத்தை மழை கழுவிவிடும். உடைந்த கண்ணாடியை அடுத்த வண்டி சிதறடிக்கும். கண்டவர் தம் ஊருக்குப் போய்விடுவார். காயமுற்றோருக்கு உதவிய பின்னர், வண்டிகளை அகற்றுமுன் அவை நின்ற நிலையைப் பல பக்கங்களிலிருந்தும் படம் பிடித்தல் வேண்டும். மற்றவரின் பெயர், விலாசம், வண்டி இலக்கம், காப்புறுதிச் சான்றிதழ் விவரம் ஆகியவற்றையும், கண்டவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளவேண்டும். விபத்தில் வண்டியை நிறுத்தித் தம் விவரங்களைத் தருவது சாரதியின் சட்டக் கடமையாகும்.

அடுத்தது பொலிஸ் நிலையத்து முறைப்பாடு. 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழை நிருவாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் வகுத்துள்ளது. ஆதலால் தமக்கு விளங்காத மொழியில் எழுதிய கூற்றிற் கையொப்பமிட வேண்டியதில்லை. தமிழில் எழுதுமாறு கேட்டு, முழுவதையும் வாசித்த பின்னரே ஒப்பமிடலாம். நீதவான் நீதிமன்றத்தில் அபராதத்தோடு முடியட்டும் என்று குற்றத்தை ஏற்பவர்களும் எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த ஒப்புதல் பின்னர் நட்டஈட்டு வழக்கில் அவர்களுக்கு எதிராகக் காட்டப்படக்கூடும்.

காப்புறுதி இருக்கிறதே என்று ஆறுதலடைவோர் பலர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வற்புறுத்தும் மூன்றாந் திறத்தார் காப்புறுதி, பிறரின் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் உரியது. பிறர் வண்டிக்கு நேர்ந்த சேதம் அதில் அடங்குமா என்பது ஒவ்வோர் உடன்படிக்கையின் வாசகத்தைப் பொறுத்தது. முழுக் காப்புறுதி உடையவர் தம் கம்பனியிடமே திருத்தச் செலவைப் பெறலாம். கம்பனி பின்னர் தவறிழைத்தவரிடம் அதனை அறவிட முயலும். அவ்வுரிமையைக் கெடுக்கும் வகையில், கம்பனிக்கு அறிவியாமல் ‘இனிக் கோரிக்கை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பவர் தம் காப்புறுதிப் பணத்தையும் இழக்க நேரலாம்.

லொறிச் சாரதி கூலிக்கு ஓட்டுபவராயின், முதலாளியின் வேலையில் அவர் செய்த கவனயீனத்துக்கு முதலாளியும் பொறுப்பாவார். கோரிக்கைக் கடிதம் இருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பப்படுதல் நன்று. நியாயமான திருத்தச் செலவோடு, வண்டி ஓடாத நாட்களில் இழந்த வருவாயையும் ஆதாரத்துடன் கோரலாம்.

மறுமொழி வராவிட்டாலும் நீதிமன்றம் உடனே கதவைத் திறப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைக்கு, குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலிற் செல்லவேண்டும். அங்கே சட்டத்தரணிகள் வாதிடுவதில்லை. மத்தியஸ்தர்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதுமில்லை. இணக்கம் ஏற்படாவிடின் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றத்தை நாடலாம். இவற்றுக்கிடையே மறக்கலாகாதது கால எல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். ‘தருகிறேன், தருகிறேன்’ என்னும் வாக்குறுதியை நம்பிக் காத்திருந்து உரிமையை இழப்பவர்கள் உண்டு.

மாங்குளத்து வீதிக்குத் திரும்பினால், காரோட்டி பெரியவரின் சொல்லை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம். லொறிச் சாரதியோடு வாய்ச்சண்டையும் வேண்டாம். விவரங்களைக் குறித்து, படமெடுத்து, தாளிற் கையொப்பமிடாமற் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் அன்றைய கடமை நிறைவேறும். சமாதானத்துக்குப் பின்னரும் இடமுண்டு. பொறுப்பு எவ்வளவு, எவருடையது என்று தெரிந்தபின் செய்யும் சமாதானத்தில் இருவருக்கும் மனக்குறை மிஞ்சுவதில்லை.