வங்கத்துச் சரத் காலமும் நம் வீட்டுக் குழந்தைகளும்

புரட்டாசி பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் வானம் தெளியத் தொடங்கிவிடுகிறது. ஆனி முதல் ஓயாமல் பெய்த மழை மெல்ல விலகி, வெண்பஞ்சுப் பொதிகளைப் போன்ற மேகங்கள் திரிகின்றன. ரயில் பாதையின் இரு மருங்கிலும் நாணல் பூத்து நுரை நுரையாக அசைகிறது. விடியற்காலையில் பவழமல்லி உதிர்ந்து வாசலை நிறைக்கிறது. நாணற் பூவைக் ‘காஷ்’ என்றும், பவழமல்லியை ‘ஷியூலி’ என்றும் நம் குழந்தைகள் அறிவார்கள். இப்பருவத்துக்கு வங்காளிகள் இட்ட பெயர் ‘சரத்’ என்பது.

நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகளில் இதே மாதங்கள் காரும் கூதிருமாகும். புரட்டாசியில் கறுக்கும் வானம் ஐப்பசியில் அடைமழையாகக் கொட்டுவது நம் நாட்டு வழக்கம். ஆகவே ஊரில் குடை விரிக்கும் காலத்தில் நாம் இங்கே குடையை மடக்கி வைக்கிறோம். பருவமே இவ்வாறு மாறி நிற்கும்போது, பண்டிகைகள் மட்டும் மாறாமல் நிற்குமா? மகாளயம் முதல் தீபாவளி வரையிலான ஏறக்குறைய முப்பது நாள்களில், பிழைப்பை நாடி வந்து இங்கே குடியேறிய ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் குழந்தைகள் பல கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு நாம் என்ன விடை சொல்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையில் நம் வீடுகளில் கொலு இருக்குமா, தமிழ் இருக்குமா என்பது அமையும்.

மகாளய விடியல்

மகாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கு வங்காளிகளின் வீடுகளில் வானொலி ஒலிக்கத் தொடங்கும். வாணிகுமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்து, வீரேந்திர கிருஷ்ண பத்ரர் சண்டி பாராயணம் செய்த ‘மகிஷாசுரமர்த்தினி’ நிகழ்ச்சி, 1930-களின் தொடக்கத்திலிருந்து இந்நகரத்து மக்களை எழுப்பி வருகிறது. 1976-ஆம் ஆண்டு வானொலி நிலையத்தார் அதை மாற்றி, நடிகர் உத்தம் குமாரைக் கொண்டு வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், பழைய நிகழ்ச்சியே திரும்பி வந்தது. தம் வீட்டில் கேட்டுப் பழகிய குரலை இழக்க ஒரு நகரமே சம்மதிக்கவில்லை என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அதே விடியலில் கங்கைக் கரையின் படித்துறைகளில் வங்காளிகள் தம் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிறார்கள். நம்மவரும் அன்றைக்கே எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். குமார்துளியில் வைக்கோலும் ஆற்று மண்ணும் கொண்டு உருவான துர்க்கைக்கு அன்றுதான் கண் திறப்பது மரபு. நம் இல்லங்களிலும் அன்றுதான் பெட்டியைத் திறந்து, முதல் பொம்மையை எடுத்து வைக்கிறோம். “இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வேலை தொடங்குகிறது, பார்த்தாயா?” என்று குழந்தைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வேளை வேறில்லை.

கொலுவும் பந்தலும்

வங்காளியின் துர்க்கை தெருவில் எழுந்தருள்கிறாள்; நம் கொலு கூடத்தில் அமைகிறது. கொல்கத்தாவின் துர்கா பூசையை 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய பெருவிழாவின் நடுவே, மூன்று படிகளும் முப்பது பொம்மைகளும் கொண்ட நம் கொலு குழந்தையின் கண்ணுக்குச் சிறியதாகத் தோன்றுவது இயல்பே. “நம் துர்க்கைக்கு ஏன் பத்துக் கை இல்லை?” என்று எங்கள் இல்லத்துச் சிறுவன் கேட்டபோது, பாட்டியார் சற்றே வருந்தினார். பந்தலைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை நம்முடையதைக் குறைவாக எண்ணுகிறான் என்பது அவர் கவலை. ஆனால் குழந்தை குறை கூறவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது, அவ்வளவே. ஒப்பிடத் தெரிந்த குழந்தைக்குக் கதை சொல்வது எளிது.

வங்காளிகளுக்குத் துர்க்கை, புக்ககத்திலிருந்து ஆண்டுக்கொரு முறை பிறந்த வீட்டுக்கு வரும் மகள். லட்சுமி, சரஸ்வதி, கணேசன், கார்த்திகேயன் ஆகிய நால்வரையும் உடன் அழைத்து வந்து, தசமியன்று விடைபெற்றுப் போகிறாள். இதைக் கேட்டதும் நம் வீட்டுப் பெண்கள் கண் கலங்குவதைக் கண்டிருக்கிறோம். தாய் வீடு செல்ல விடுப்பும் பயணச் சீட்டும் ஒருங்கே கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அவர்கள் அறிவார்கள் அல்லவா!

குழந்தைகள் மிகவும் ரசிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. நம் பிள்ளையார் பிரமசாரி. முருகனுக்கோ வள்ளி, தெய்வானை என இரு தேவியர். வங்கத்தில் கார்த்திகேயன்தான் மணமாகாத இளைஞன். சப்தமி காலையில் வாழை, மஞ்சள், வில்வம், மாதுளை, நெல் முதலிய ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டி, நீராட்டி, சேலை உடுத்திக் கணேசனின் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். சாத்திரப்படி அது தேவியின் வடிவமே ஆயினும், பொதுமக்கள் அதைக் ‘கலா பௌ’, அதாவது வாழை மருமகள் என்று அழைத்துக் கணேசனின் மனைவியாகவே கருதுகிறார்கள். “அண்ணன் தம்பிகள் வங்காளத்துக்கு வரும் வழியில் ரயிலில் இடம் மாறிவிட்டார்களா?” என்று எங்கள் சிறுமி கேட்டாள். அக்கேள்விக்குப் பின் அவள் எந்தப் பந்தலுக்குச் சென்றாலும் முதலில் அவ்விருவரையே தேடுகிறாள். வீடு திரும்பியதும் கொலுவிலுள்ள வள்ளி தெய்வானையைச் சரிபார்க்கிறாள்.

கொலுப் படிகளிலும் வங்கத்துக்கு இடம் கொடுப்பது நலம். மரப்பாச்சியும் செட்டியாரும் தசாவதாரமும் ஊரிலிருந்து வந்தவை. மாற்றலில் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களில் மண் பொம்மைகள் பயணத்தில் உடைந்துபோவதும் உண்டு. அவ்வாறு காலியான இடங்களைக் கிருஷ்ணநகரத்து மண் பொம்மைகளும், பாங்குராவின் சுடுமண் குதிரையும், நூதன்கிராமத்து மர ஆந்தையும் நிரப்பட்டும். அந்த ஆந்தை லட்சுமியின் வாகனம் என்பதை அண்டை வீட்டு அம்மையாரே நம் குழந்தைக்குச் சொல்லித் தருவார். நவராத்திரியில் பட்டாணிச் சுண்டல் பெற்றுச் சென்ற வங்காளி அன்பர், “இது எங்கள் குக்னியின் உடன்பிறப்பு!” என்று மகிழ்வார்.

இரு விழாக்களும் ஒரே வாரத்தில் வருவதால் மாலைப் பொழுதில் இழுபறி ஏற்படுவது உண்மை. வங்காளிகளின் விழா சஷ்டியில்தான் களைகட்டுகிறது. ஆதலால் பிரதமை முதல் பஞ்சமி வரை கொலுவுக்கும், விருந்தினருக்கும், பாட்டுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சஷ்டி முதல் ஆறரை மணிக்குள் ஆரத்தியை முடித்துவிட்டுக் குழந்தைகளைப் பந்தலுக்கு அழைத்துச் செல்லலாம். எங்கள் இல்லத்தில் இம்முறை வந்த பிறகு, பிள்ளைகள் தாமாகவே விளக்கேற்ற முந்துகிறார்கள்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். புரட்டாசியில் நம்மவர் பலர் புலால் விலக்குகிறோம். வங்காளிகளோ பூசை நாள்களில் ஆட்டிறைச்சியுடன் விருந்து உண்கிறார்கள். குழந்தை இதைக் கண்டு வியக்கும். “அது அவர்கள் வழக்கம்; இது நம் வழக்கம்” என்று அமைதியாகச் சொன்னால் போதும்; முகம் சுளிக்க வேண்டியதில்லை. அஷ்டமியன்று பந்தல்களில் பரிமாறும் கிச்சடிப் போகத்தை நம் பிள்ளைகள் அவர்களோடு வரிசையில் அமர்ந்து உண்ணலாம்.

இரண்டு ஆயுத பூசை, இரண்டு சரஸ்வதி பூசை

ரயில்வேப் பணிமனைகளில் செப்டம்பர் 17-ஆம் தேதியை ஒட்டி விசுவகர்ம பூசை நடைபெறும். இயந்திரங்களுக்கு மாலை சூட்டுகிறார்கள். மாடிகளில் சிறுவர்கள் காற்றாடி விடுகிறார்கள். நம் ஆயுத பூசையோ மகாநவமியில் வருகிறது. சரஸ்வதி பூசை நமக்கு அதே நவமி. வங்கத்தில் அது மாக மாதத்துப் பஞ்சமியன்று, தை மாசிப் பொழுதில். பூசையில் வைத்த புத்தகத்தைத் தொடலாகாது என்னும் விதி இரு வீட்டிற்கும் பொது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஆண்டில் இரண்டு நாள் படிப்பிலிருந்து விடுதலை. இவ்விஷயத்தில் மட்டும் அவர்கள் இரு மரபுகளையும் ஐயமின்றிப் பின்பற்றுகிறார்கள்!

விஜயதசமியும் தமிழ் எழுத்தும்

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் வங்காளமும் இந்தியும் ஆங்கிலமும் கற்பிக்கிறார்கள், தமிழுக்கு இடமில்லை. வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகூட, ஊரிலிருந்து தாத்தா எழுதியதைப் பிறர் படித்துக் காட்டத்தான் கேட்கிறது. பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத மொழி ஒரு தலைமுறை வரை பேச்சில் நிற்கும். அடுத்த தலைமுறையில் சமையலறைச் சொற்களாகச் சுருங்கும். அதற்கடுத்து அதுவும் இராது. நெடுங்காலத்துக்கு முன் இந்நகருக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றில் இதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

வங்காளிகள் தம் குழந்தைக்குச் சரஸ்வதி பூசையன்று ‘ஹாதே கொடி’ என்று பலகையில் முதல் எழுத்தை எழுதுவிக்கிறார்கள். நமக்கு அந்நாள் விஜயதசமி. தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்த ஓர் எழுத்து அடுத்த நாளே அரிசிப் பானைக்குள் போய்விடுகிறது.

ஒரு சிறு திட்டத்தை அன்பர்கள் முன் வைக்கிறோம். தமிழ் எழுத்துகள் 247 என்று கேட்டதும் குழந்தை மலைக்கும். ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 எழுத்துகளைக் கற்றால் அடித்தளம் அமைந்துவிடும். மற்ற 216-ம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பவை. விஜயதசமியிலிருந்து பொங்கல் வரை ஏறக்குறைய மூன்று மாதம். நாளுக்கு ஓர் எழுத்தாக முதல் மாதத்தில் 31. இரண்டாம் மாதத்தில் காலும் கொம்பும் சுழியும். மூன்றாம் மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தல். நாள்தோறும் கால் மணி நேரம் போதும். பொங்கலன்று குழந்தை தன் கையால் தாத்தா பாட்டிக்கு நான்கு வரி எழுதி அனுப்பட்டும். அடுத்த கொலுவில் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் அதன் பெயரைக் குழந்தையே எழுதி வைக்கட்டும். எங்கள் இல்லத்தில் ‘வள்ளி’ என்பது ‘வல்லி’ என்றே ஓராண்டு நின்றது. வந்தவர்கள் அதைக் கண்டு சிரித்தார்கள். எழுதியவளே மறு ஆண்டு திருத்தினாள். அன்று முதல் லகர ளகர வேறுபாடு அவளுக்கு மறக்கவில்லை.

ஒரே இரவில் இரண்டு தீபாவளி

தீபாவளியில்தான் குழப்பம் மிகுதி என்பார்கள். உண்மையில் அது எளிது. நமக்கு நரக சதுர்த்தசியின் விடியற்காலை. வங்கத்தில் அமாவாசை நள்ளிரவில் காளி பூசை. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒரே தேதியில் வரும். 2025-இல் அக்டோபர் 20 அவ்வாறு அமைந்தது. அதற்கு முந்தைய மாலை வங்காளிகளுக்குப் ‘பூத சதுர்த்தசி’. அன்று பதினான்கு வகைக் கீரை சமைத்து, மாலையில் பதினான்கு விளக்கு ஏற்றுகிறார்கள். அதே சதுர்த்தசி திதி முடியுமுன், விடியலில் நாம் எண்ணெய் தேய்த்து நீராடுகிறோம். அண்டை வீட்டு விளக்குகள் அணைந்து சில மணி நேரத்தில் நம் வீட்டு விளக்கு எரிகிறது.

“கங்கா ஸ்நானம் ஆயிற்றா?” என்பது அன்று நம்மவர் கேட்கும் உபசாரக் கேள்வி. காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் அது நம்பிக்கை. இங்கோ அது நடப்பு! நகரத்தின் பல பகுதிகளில் மாநகராட்சிக் குழாயில் வருவது, பல்தாவில் ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கங்கை நீரே. இதைக் கேட்ட குழந்தைகள் அன்று ஒரு குவளை நீர் அதிகம் ஊற்றிக்கொள்கிறார்கள்.

பட்டாசு விஷயத்தில் கவனம் தேவை. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிப் பட்டாசுக்கு இரவு எட்டு முதல் பத்து மணி வரை நேரம் குறித்தது. தமிழ்நாடு அதே இரண்டு மணி நேரத்தை வேறு பொழுதில் வைத்துக்கொள்ள இசைவு பெற்றது. இங்கே விடியற்காலை வெடிக்கு இடமில்லை. ஆகவே காலையில் எண்ணெய்க் குளியல், புத்தாடை, லேகியம், பலகாரம், விளக்கு. இரவில் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு அனுமதிக்கப்பட்ட நேரத்தில் பூத்திரி, மத்தாப்பு. பண்டிகை ஒரு நாள் முழுதும் நீள்கிறதே என்று குழந்தைகள் மகிழ்கிறார்களே ஒழிய, குறைப்படவில்லை.

தாத்தா பாட்டியை இப்பருவத்தில் வரவழைக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் கொள்க: 2024 நவம்பர் 1 முதல், ரயிலில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது, பயண நாள் அக்கணக்கில் சேராது. நாள்காட்டியில் பண்டிகைத் தேதியை மட்டுமன்றி, பதிவு தொடங்கும் தேதியையும் குறித்து வையுங்கள். நவராத்திரியில் கதை சொல்லப் பாட்டியார் ஒருவர் வீட்டில் இருந்தால், நாம் மேலே சொன்னவற்றுள் பாதிக்கு அவரே விடையளித்துவிடுவார்.

நம் பிள்ளைகள் வங்கத்துத் துர்க்கையைத் தம்முடையவள் என்று கருதுவதில் நமக்கு இழப்பில்லை. அவர்களுக்குச் சோறிடும் மண்ணின் விழா அது. கொலுப் பொம்மையின் பெயரைத் தமிழில் படிக்கத் தெரியாமல் அவர்கள் வளர்வதுதான் இழப்பு. அதைத் தடுக்கப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை: ஒரு தட்டு அரிசி, நாளுக்குக் கால் மணி நேரம், விஜயதசமிக்கு மறுநாளும் தட்டை எடுத்து வைக்கும் மன உறுதி, இவையே போதும்.