கணினிப் பெட்டகத்தின் திறப்பு



பொருளைத் தேடுவது ஒரு திறமை. தேடியதைக் காப்பது மற்றொரு திறமை. காத்ததை வேண்டியபொழுது எடுத்துப் பயன்கொள்வது மூன்றாவது திறமை. இம்மூன்றாவது திறமையைக் கணினி வைத்திருப்போர் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பத்திரங்களின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் இழந்தோர் பலர். அலுவலகம் அலுவலகமாக அலைந்து பிரதி பெற்றோரும் பலர். அப்பட்டறிவினால், பத்திரங்களின் படங்களைக் கணினியிற் சேமித்து, பிறர் காணாவண்ணம் மறைகுறியாக்கம் செய்து வைப்போர் இன்று நம்மிடையே உளர். நல்ல செயலே. ஆனால், கணினி பழுதுற்று, அதன் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவும் நாளில் அக்கோப்புகள் உரியவருக்கே திறவாமற் போதல் உண்டு.

இதன் காரணம் யாது? மறைகுறியாக்கம் என்பது, கோப்பிலுள்ளவற்றை ஒரு திறப்பின்படி கலைத்து, அத்திறப்பு இல்லாதார்க்குப் பொருள் விளங்காதவாறு செய்வதாகும். கடவுச்சொல்லே அத்திறப்பு எனப் பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. விண்டோஸ் 2000 வெளிவந்த காலந்தொட்டு அம்முறைமையின் தொழில்முறைப் பதிப்புகளில் உள்ள கோப்பு மறைகுறியாக்க வசதியை எடுத்துக்கொள்வோம். அதில் மெய்யான திறப்பு, வன்தட்டிலே நமது பயனர் கணக்கினுள் வைக்கப்பட்டுள்ள ஒரு நீண்ட இலக்கத் தொகுதி. கடவுச்சொல், அத்திறப்பு இருக்கும் சிறு பேழையை மட்டுமே திறக்கும். வன்தட்டை அழித்து முறைமையை மீள நிறுவினால் பழைய கணக்கோடு திறப்பும் அழியும். அதே பெயரில், அதே கடவுச்சொல்லில் புதுக் கணக்குத் தொடங்கினாலும் கணினி அதனை வேறோர் ஆளாகவே கொள்ளும். வேறொருவர் நமது கடவுச்சொல்லை வலிந்து மாற்றினாலும் இதே கேடு நேரலாம்.

வீட்டுப் பெட்டகத்தின் திறப்பைச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு, அச்சுவரை இடித்துக் கட்ட மேசனை அழைத்தவன் நிலை இதுவே. பெட்டகம் அப்படியே இருக்கும். திறப்பு இடிபாட்டோடு போயிருக்கும். மேசன்மீது குற்றம் சொல்லிப் பயனில்லை.

இனி, வன்தட்டு முழுவதையும் பூட்டும் முறையொன்றும் உண்டு. பிட்லொக்கர் எனப்படும் அது 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் பொதுமக்களிடம் வந்தது. இதன் திறப்பு பெரும்பாலும் தாய்ப்பலகையிலுள்ள சிறு சில்லின் காவலில் இருக்கும். தாய்ப்பலகையை மாற்றினால், 48 இலக்கங்கொண்ட மீட்பு எண்ணைக் கணினி கேட்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்பூட்டு தானாகவே இடப்படுவதால், பூட்டியிருப்பதையே உரியவர் அறியாதிருத்தலும் கூடும்.

உலகம் இதனை 2024 யூலை 19ஆம் திகதி கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பொன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. அக்கோப்பை நீக்குதல் எளிய வேலையே. எனினும், பூட்டிய கணினிகள் பலவற்றில் அந்த 48 இலக்கங்களை இட்ட பின்னரே அவ்வேலையைத் தொடங்க முடிந்தது.

ஆகவே, பழுது பார்க்குமுன் செய்யத்தக்கவை சில உள. கணினி இயங்கும்போதே கோப்புகளின் மறைகுறியாக்கத்தை நீக்கி, வெளித் தட்டொன்றிற் பிரதி எடுத்தல் வேண்டும். பூட்டை நீக்காது எடுத்த பிரதி பூட்டியபடியே இருக்கவுங்கூடும். அடுத்து, பயனரின் மறைகுறியாக்கச் சான்றிதழை அதன் அந்தரங்கத் திறப்புடன் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, கணினிக்குப் புறம்பே பாதுகாத்தல் வேண்டும்; மைக்ரோசொப்ட் கணக்கிலும் அது சேமிக்கப்பட்டிருக்கலாம். இறுதியாக, எடுத்த பிரதி வேறொரு கணினியில் திறக்கின்றதா எனச் சோதித்தறிதல் வேண்டும்.

கணினி இயங்காது நின்றுவிட்டதாயின், வன்தட்டை அழிக்க வேண்டாமெனப் பழுதுபார்ப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுக. தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து, மீட்பு எண்ணால் திறக்கலாம். தனிக் கோப்புகளைப் பூட்டியிருந்தால், பழைய பயனர் கோப்புறை முழுவதையும் குறையாமற் பேணுதல் வேண்டும். திறப்பு அதனுள்ளேதான் உளது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. ஆதலின் முறைமையை மாற்றும் எண்ணம் உங்களுள் சிலருக்கு இருக்கும். கடைக்குக் கணினியைக் கொண்டுசெல்லுமுன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குங்கள். ஒருமுறை இழந்து அரிதிற் பெற்ற பத்திரங்களை மறுமுறையும் இழக்க நாம் இடங்கொடுத்தலாகாது.