மார்க் போடுறவங்களுக்கே மார்க்!

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் சர்க்கரை நோய் முகாம்னு வெச்சுக்குங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க. வயசு 45, இடுப்பு 92 சென்டிமீட்டர், அவங்க அப்பாவுக்குச் சர்க்கரை, உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சி கிடையாது. கூட்டினா 80! 60 வந்தாலே ரிஸ்க் அதிகம்.

ரத்தமே எடுக்காம சொல்ற இந்தக் கணக்கு, சென்னையில் டாக்டர் வி.மோகன் குழு 2005-ல் உருவாக்கியது. பேர், இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்.

இந்த மாதிரி கணிப்புகளை நம்பலாமா? அதுக்கும் ஒரு பரீட்சை இருக்கு பாஸ்! 2019-ல் வந்த 'பிராபாஸ்ட்'. பல ஆய்வுகளை ஒண்ணாத் திரட்டி அலசுறவங்க, ஒவ்வொண்ணையும் 20 கேள்வி கேட்டுக் குடைவாங்க. மொத்தம் நாலு பேப்பர். யாரை வெச்சு ஆய்வு செஞ்சாங்க? எதை, எப்படி அளந்தாங்க? நோய் இருக்குன்னு எப்படி முடிவு பண்ணாங்க? கணக்கு சரியா? ஒண்ணுல கோட்டை விட்டாலும் அவுட்!

2020-ல் கொரோனாவுக்கு வந்த 31 கணிப்பு முறைகளை இப்படித் திருத்தினாங்க. பாஸ் ஆனது? ஒண்ணுகூட இல்லை! பழைய கொஸ்டின் பேப்பரை மனப்பாடம் பண்ணி, அதே பேப்பரில் சென்டம் வாங்கின கதைதான் பலதுல.

சென்னைக் கணக்கும், தெரியாமலே சர்க்கரை இருந்த 100 பேரில் சுமார் 72 பேரைத்தான் பிடிச்சது. மீதிப் பேர் நழுவிட்டாங்க. அதனால 80 வந்தா பதறாதீங்க, 40 வந்தா அசந்துடாதீங்க. ரத்தப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு.

அடுத்த தடவை யாராவது ரிஸ்க் நம்பர் சொன்னா, "யாரை வெச்சுப் போட்ட கணக்கு சார்?"னு கேளுங்க. அம்மாவுக்காக!