ஒளிந்திருக்கும் கட்டியைக் காட்டும் கண்கள்

நம் இரு சிறுநீரகங்களின் மீதும் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் சுரப்பிகள் அமைந்திருக்கின்றன. ஆபத்து நேரும்போது இதயத்தை விரைந்து துடிக்கச் செய்யும் அட்ரினலின் இங்கேதான் ஊறுகிறது. இச்சுரப்பியில் ‘பியோகுரோமோசைட்டோமா’ என்னும் கட்டி தோன்றினால், ஆபத்து ஏதுமின்றியே அந்த ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு, இரத்தக் கொதிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எண்ணிப் பல ஆண்டுகளைக் கழித்து விடுவோரும் உண்டு.

1926-ல் ஸ்விட்ஸர்லாந்தில் ரூ என்பவரும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் இத்தகைய கட்டிகளை அறுத்தெடுத்தனர். கட்டியை முன்கூட்டியே காட்டும் ஸ்கேன் அவர்களிடம் இல்லை. இன்றோ பல கருவிகள் உள்ளன. அவற்றுள் எது சிறந்தது?

முதலில் வேண்டியது படமன்று. இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவைக் காணும் சோதனை. அது மிகுந்திருந்தால் ஸி.டி. ஸ்கேன் எடுப்பர். அட்ரினல் கட்டி பெரும்பாலும் இதிலேயே புலப்பட்டுவிடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும், எக்ஸ் கதிர் இல்லாத எம்.ஆர்.ஐ. ஏற்றது.

இவ்விரண்டும் கட்டியின் உருவத்தைக் காட்டும்; அதன் தொழிலைக் காட்டா. அக்குறையை நீக்க வந்தது எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன். நார் அட்ரினலினைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஊசி மூலம் செலுத்துவர். கட்டி அதை உணவென்று எண்ணி விழுங்கித் தானே ஒளிர்ந்து காட்டிக் கொடுக்கும். ஆயினும் அட்ரினலுக்கு வெளியே தோன்றும் ‘பாராகாங்கிலியோமா’ கட்டிகளுள் சில இதற்குத் தப்பிவிடும். அவற்றையும், பரவிய கட்டிகளையும், கேலியம்-68 டோட்டாடேட் கொண்டு எடுக்கும் பெட் ஸ்கேன் மேலும் தெளிவாகக் காட்டுகிறது. கேலியம்-68 சுமார் 68 நிமிடங்களில் பாதியாகத் தேய்ந்துவிடும். ஆதலின் வசதியுள்ள பெரிய நிலையங்களிலேயே இது இயலும். இதனால் எம்.ஐ.பி.ஜி. பயனற்றதாகிவிடவில்லை. அதைக் கட்டி விழுங்குகிறது என்று தெரிந்தால், அதே பொருளை அதிக அளவில் மருந்தாகவும் அளிக்கலாம்.

வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் அட்ரினல் கட்டி தென்பட்டால், ஹார்மோன் சோதனைக்கு முன் அதில் ஊசி குத்தவோ அறுவை செய்யவோ கூடாது. மருந்தால் அடக்காத கட்டியைத் தொட்டால், இரத்த அழுத்தம் உயிருக்கே உலை வைக்கும் அளவுக்கு எகிறக்கூடும்.

இந்நோயாளிகளுள் சுமார் மூன்றிலொரு பங்கினருக்கு இது பரம்பரையாக வருவது. ஆகவே வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்துள்ள அன்பர்கள் பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருத்தல் நலம். வீட்டில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், பரம்பரைச் சோதனை பற்றி மருத்துவரைக் கேட்டறிந்து, ஊரிலுள்ள உடன்பிறந்தோருக்கும் உடனே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். அந்தக் கடிதம் ஓர் உயிரைக் காக்கலாம்.