கரையோரம் ஒரு பாதாளம்

நியூசிலாந்தின் தென்தீவில், கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் கைகோரா. ஒரு பக்கம் மலைத்தொடர், மறுபக்கம் பசிபிக். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கூட்டம் வருவது திமிங்கலத்துக்காக. வேறு பல நாடுகளில் ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பார்க்க நெடுந்தூரம் கடலுக்குள் போகவேண்டும். இங்கே கரை கண்ணுக்குத் தெரியும்போதே, வருடம் முழுக்கப் பார்க்கலாம்.

காரணம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே, கரையை ஒட்டியே கடல்தரை பள்ளத்தாக்காகச் சரிந்து 1,000 மீட்டருக்கும் கீழே போகிறது. ஆழத்துக் குளிர்நீர் சத்துகளோடு மேலேறும்போது மிதவை உயிரிகள் பெருகுகின்றன. கூடவே மீனும் கணவாயும். அந்த இரைக்காகத்தான் திமிங்கலம் வருகிறது. வருபவை அநேகமாக ஆண்கள்தாம். பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடலை விட்டு அதிகம் நகர்வதில்லை.

படகுக்காரர்கள் முதலில் தேடுவது காதால்தான். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினால் 'டிக், டிக்' என்று கேட்கும். கும்மிருட்டில் திமிங்கலம் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டுபிடிக்கிறது. சத்தம் நின்றால் மேலே வரப்போகிறது என்று கணக்கு. முக்கால் மணி நேரம் மூச்சடக்கியது, பத்து நிமிடம் மிதந்து மூச்சு வாங்கும். மூச்சுத்துளை இடப்பக்கம் இருப்பதால் பீச்சும் துளிகளும் இடப்பக்கமே சாயும். பிறகு வாலைத் தூக்கி மறுபடி ஒரு முங்கு.

2016 நவம்பர் 14இல் 7.8 அளவில் நிலம் குலுங்கியது. கடற்கரை சில இடங்களில் பல மீட்டர் உயர்ந்து, பாசியும் சங்கினங்களும் வெயிலில் காய்ந்தன. பள்ளத்தாக்கிலும் சேறு சரிந்து அடித்தள உயிர்களை வாரிக்கொண்டு போனது. ஏறக்குறைய ஓராண்டு, திமிங்கலங்கள் வேறு இடங்களில் இரை தேடின. முங்குவதற்கு முன் மேற்பரப்பில் கூடுதல் நேரம் கிடந்தன.

இதே ஊர் 1840களில் திமிங்கல வேட்டையில்தான் பிழைக்கத் தொடங்கியது. நியூசிலாந்தில் அந்தத் தொழில் 1964இல் ஓய்ந்தது. 1987இல் வேலையில்லாமல் தவித்த உள்ளூர் மவோரிக் குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துச் சுற்றுலாப் படகு வாங்கின. கொன்று சம்பாதித்ததைவிட இது நிலைத்த வருமானம் என்றே சொல்வேன்.

போகிறவர்கள் வாந்தி மாத்திரையை மறக்கவேண்டாம். அங்கே அலை முரட்டு அலை. படகேறும் முன் ஃபைஃப் இல்லத்தையும் பார்த்துவிடுங்கள். வேட்டைக்காலத்து மரவீடு; அதன் அஸ்திவாரத்தில் திமிங்கல முதுகெலும்புகள் இன்றும் இருக்கின்றன.